கால்நடைவழித் தொற்றுக்குப் பின் எதிர்ப்பொருள் விகிதம் ஊருக்கு ஊர் மாறுவது ஏன்?

கேள்வி: நுண்ணுயிரியல் மாணவி, காரைக்குடி

வணக்கம். நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை பால் ஆட்டுப் பண்ணைகளிலிருந்து மக்களுக்குப் பரவிய க்யூ காய்ச்சலைப் பற்றிப் படித்து வருகிறேன். பதிவானவர்கள் மட்டும் 4,000 பேருக்கு மேல். அதற்கு முன் நாடு முழுவதும் சுமார் 2 விழுக்காட்டினரிடமே எதிர்ப்பொருள் (தொற்றுக்கு எதிராக உடல் உண்டாக்கி இரத்தத்தில் விட்டுவைக்கும் புரதம்) இருந்தது. ஆனால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட தெற்குப் பகுதியின் இரத்தக் கொடையாளர்களிடம் அது 12 விழுக்காடாகவும், ஹெர்பன் என்னும் சிற்றூரில் 2014இல் பரிசோதிக்கப்பட்ட பெரியவர்களிடம் ஏறத்தாழ மூவரில் ஒருவர் என்ற அளவிலும் இருந்திருக்கிறது. ஒரே நாட்டில் இவ்வளவு வேறுபாடு ஏன்? நம் பக்கத்தில் இப்படி ஓர் ஆய்வு நடந்தால் மாவட்டத்துக்கு ஒரே எண்ணைச் சொல்வது முறையாகுமா?

பதில் 1: கால்நடை மருத்துவர், தேவகோட்டை

முறையாகாது அம்மா. க்யூ காய்ச்சலை உண்டாக்கும் காக்ஸியெல்லா பர்னெட்டி பாக்டீரியா, ஆடு குட்டி ஈனும்போதோ குட்டி வீசும்போதோ (கரு கலையும்போதோ) நஞ்சுக்கொடியிலும் பனிக்குட நீரிலும் மிகப் பெருமளவில் வெளியேறி, காய்ந்த புழுதியோடு காற்றில் கலந்துவிடுகிறது. ஆகவே ஒருவர் ஆட்டைத் தொட்டாரா என்பதைவிட, பாதிக்கப்பட்ட பண்ணையிலிருந்து எவ்வளவு தொலைவில் வாழ்ந்தார் என்பதே பெரும்பாலும் முடிவு செய்கிறது. அங்கு ஒரு பண்ணைக்கு 2 கிலோமீட்டருக்குள் குடியிருந்தவர்களுக்கு, 5 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தவர்களைவிட நோய் வரும் வாய்ப்பு பன்மடங்கு மிகுந்திருந்தது. செடிகொடி அடர்ந்து மண் ஈரமாக இருந்த இடங்களில் பரவல் குறைந்திருந்ததையும் கவனியுங்கள். கண்மாய் வற்றிப் பொட்டலாகிவிடும் நம் கோடையில் இதை நாம் எளிதாகக் கடந்துவிடக் கூடாது.

பதில் 2: ஆய்வகப் பணியாளர், திருப்பத்தூர் (சிவகங்கை மாவட்டம்)

மருத்துவர் ஐயா சொன்னதோடு, யாருடைய இரத்தம் எடுக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். கொடையாளர்கள் உடல்நலமுள்ள பெரியவர்கள். அவர்களிடையே குழந்தைகளோ முதியோரோ இல்லை. தொற்றியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அறிகுறியே தோன்றாததால், பதிவான நோயாளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஊர்களை ஒப்பிடுவது, மருத்துவரை அணுகும் பழக்கத்தை ஒப்பிடுவதாகவே முடியும். பரிசோதனை முறையும், எந்த அளவுக்கு மேல் நேர்மறை என்று கொள்கிறார்கள் என்பதும் ஆய்வுக்கு ஆய்வு மாறும். காலம் செல்லச் செல்ல எதிர்ப்பொருள் குறையவும் செய்யும்.

மாணவி: மிக்க நன்றி. அங்குள்ள பண்ணைகள் ஓரிடத்தில் நிற்பவை. நம் பகுதியில் கிடை (வயலில் இரவு தங்கவைக்கும் ஆட்டு மந்தை) வயலுக்கு வயல் நகர்கிறதே, தொலைவை எங்கிருந்து அளப்பது?

பதில் 1: ஒரே புள்ளியிலிருந்து அளக்க இயலாது. குட்டி ஈனும் மாதங்களில் கிடை எந்தெந்த வயலில் தங்கியது என்று கீதாரிகளிடம் (மந்தையை மேய்ப்பவர்களிடம்) கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அந்த இடங்களுக்கு அருகில் இருப்பவர்களிடமும் தொலைவில் இருப்பவர்களிடமும் தனித்தனியே மாதிரி எடுக்க வேண்டும். இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால், அந்த எண் எந்த ஊரின் உண்மை நிலையையும் காட்டாது.