துப்பாக்கிச் செய்தி எழுதும்போது எந்தச் சொல் எந்தப் பக்கம் சாய்கிறது?

கயல்_மொழி (கேள்வி)
அமெரிக்கத் துப்பாக்கிச் சட்ட விவாதத்தைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று தமிழில் தயாராகிறது. ஒரே ஆயுதத்தை ஒரு தரப்பு 'தாக்குதல் ஆயுதம்' என்கிறது, மறுதரப்பு 'நவீன விளையாட்டு ரைஃபிள்' என்கிறது. எதை எழுதினாலும் கட்சி கட்டியது போல ஆகிவிடுகிறது. ஏஆர்-15 ரகத்தை எப்படிச் சொல்வது? துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கக் குழல் முனையில் மாட்டும் கருவியைச் சைலன்சர் என்று எழுதலாமா? கருத்துக்கணிப்பு எண்களைத் தரும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இரும்புக்குழல்
முதலில் ஒரு திருத்தம்: ஏஆர் என்பது 'அசால்ட் ரைஃபிள்' என்பதன் சுருக்கம் அல்ல. ஆர்மலைட் என்ற நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது. அந்த வடிவமைப்பின் உரிமையை 1959-இல் கோல்ட் நிறுவனம் வாங்கியது.

'அசால்ட் ரைஃபிள்' ராணுவத்தில் திட்டமான பொருள் உள்ள சொல். நடுத்தர ஆற்றலுள்ள தோட்டா, கழற்றி மாட்டும் மேகசின் (தோட்டாப் பெட்டி), ஒற்றைச் சூட்டுக்கும் தொடர் சூட்டுக்கும் மாற்றும் திருகு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ஸ்டூர்ம்கெவேர் 44 இதற்கு முன்மாதிரி. பொதுமக்களுக்கு விற்கும் ஏஆர்-15-இல் தொடர் சூடு கிடையாது. விசையை ஒரு தரம் இழுத்தால் ஒரு குண்டுதான் போகும். அதன் ராணுவ வடிவமான எம்16-இல் அந்தத் திருகு உண்டு.

'அசால்ட் வெப்பன்' (தாக்குதல் ஆயுதம்) வேறு கதை. அது சட்டத்தில் வரையறுக்கப்பட்ட சொல். 1994-ஆம் ஆண்டு கூட்டரசுச் சட்டப்படி, கழற்றும் மேகசின் கொண்ட அரைத் தானியங்கி ரைஃபிளில் மடக்கும் அல்லது நீட்டும் தோள்கட்டை, துருத்திய பிஸ்டல் பிடி, பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டும் கொக்கி, தீச்சுடர் மறைப்பான் அல்லது அதை மாட்டும் மரையுள்ள குழல், கிரனேட் ஏவி ஆகியவற்றில் இரண்டு இருந்தாலே தடை. வரையறை வெளி உறுப்புகளைப் பிடித்துத் தொங்கியதால் ஓட்டையும் அங்கேயே விழுந்தது. தயாரிப்பாளர்கள் கொக்கியையும் சுடர் மறைப்பானையும் எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் இயக்கம் துளியும் மாறாத துப்பாக்கியைச் சட்டப்படியே விற்றார்கள். 2004-இல் அந்தச் சட்டம் காலாவதியானது. இப்போது மாநிலத்துக்கு மாநிலம் வரையறை வேறு. ஆகவே எந்தச் சட்டம் என்று சொல்லாமல் இந்தச் சொல்லை எழுதினால் அதற்குப் பொருளே இல்லை.

'மாடர்ன் ஸ்போர்ட்டிங் ரைஃபிள்' மட்டும் யோக்கியமா? துப்பாக்கித் தொழிலின் வணிகச் சங்கம் விற்பனைக்காகப் பரப்பிய பெயர் அது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2022-இல் தன் நடைக் கையேட்டில் இரண்டு தரப்புச் சொற்களையும் தவிர்க்கச் சொன்னது. 'அரைத் தானியங்கி ரைஃபிள்' என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் 'ஒவ்வொரு சூட்டுக்கும் விசையை இழுக்க வேண்டும், அடுத்த தோட்டா தானாக ஏறும்' என்று விளக்கிவிடுங்கள்.

'அரை'யை விழுங்கிவிட்டு 'தானியங்கித் துப்பாக்கி' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தமிழ்ச் செய்திகளில் இதுதான் ஆகப் பெரிய பிழை. அமெரிக்கச் சட்டத்தில் அது மெஷின் கன். 1986-க்குப் பிறகு தயாரானதைப் பொதுமக்கள் வாங்கவே முடியாது.

மாறன்77
இரும்புக்குழல் சொன்னதில் தகவல் பிழை எதுவும் இல்லை. ஆனால் கலைச்சொல்லும் ஒரு பக்கம் சாயும். 'அரைத் தானியங்கி' என்றதும் வாசகருக்குச் சாதுவான பொருள் போலத் தோன்றும். வழக்கமான 9 மி.மீ. கைத்துப்பாக்கிக் குண்டு விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது, ஏஆர்-15 குண்டோ 900 மீட்டரைத் தாண்டும். உடலில் நேரும் சேதம் முற்றிலும் வேறு. கட்டுரைக்கு அது தேவையென்றால் பெயரில் ஏற்றாமல் எண்ணாகவே கொடுங்கள். இன்னொன்று: 'மேகசினை கிளிப் என்று சொல்லிவிட்டார், இவருக்கு என்ன தெரியும்' என்று எதிராளியின் வாயை அடைப்பது அங்கே பழைய தந்திரம். கிளிப் என்பது தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் பட்டை, மேகசின் ஊட்டும் பெட்டி. சரியாக எழுதுங்கள், ஆனால் அந்தப் பிழையால் ஒருவரின் வாதமே செத்துவிடாது.

சைலன்சர் என்று தாராளமாக எழுதலாம். 1909-இல் காப்புரிமை பெற்ற ஹைரம் பெர்சி மாக்சிமே அந்தப் பெயரில்தான் விற்றார், 1934 கூட்டரசுத் துப்பாக்கிச் சட்டத்திலும் அதே சொல்தான். 'சப்ரஸர்' என்பது தொழில்துறை விரும்பும் சொல். தமிழில் நமக்கு ஒரு வசதி: பைக் சைலன்சர் சத்தத்தை ஒழிப்பதில்லை, குறைக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இதுவும் அப்படித்தான். துப்பாக்கிச் சத்தம் பொதுவாக 140 டெசிபெலுக்கு மேல், சைலன்சர் குறைப்பது ஏறக்குறைய 20 முதல் 35 வரை. ஒலியை விட வேகமாகப் போகும் குண்டின் வெடிப்பொலியை அது தொடுவதே இல்லை. எனவே 'சத்தமே இல்லாமல் சுட்டார்' என்பதுதான் தவறு.

கணக்குப்பிள்ளை
கருத்துக்கணிப்புக்கு வருகிறேன். கேட்ட கேள்வியை அப்படியே மொழிபெயர்த்துப் போடுங்கள். 'சட்டம் கடுமையாக வேண்டுமா' என்று பொதுவாகக் கேட்டால் ஆதரவு பாதியைச் சுற்றி ஏறி இறங்கும். 'எல்லா விற்பனைக்கும் (வாங்குபவரின்) பின்னணிச் சோதனை வேண்டுமா' என்றால் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஆம் என்பார்கள். இரண்டாவதன் எண்ணை எடுத்து 'துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவு' என்று தலைப்பிடுவது மோசடி. 'கட்டுப்பாடு' என்ற சொல் வாக்காளரை விரட்டுகிறது என்பது கட்டுப்பாடு கோரும் இயக்கத்துக்கே தெரியும். ஹேண்ட்கன் கன்ட்ரோல் என்ற அமைப்பு 2001-இல் 'பிரேடி கேம்பெய்ன்' என்று பெயர் மாறியபோது 'கன்ட்ரோல்' போய்விட்டது.

சொல்லின் விளைவை அளக்க வேண்டுமா? ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, கேள்வியில் ஒரே ஒரு சொல்லை மாற்றி, வரிசை உட்பட மற்றதைத் தொடாமல் கேட்க வேண்டும். பாதிக்கு 500 பேர் என்றால் இரு பாதிகளுக்கும் இடையிலான வேறுபாட்டின் பிழை வரம்பு சுமார் 6 புள்ளி. 3 புள்ளி இடைவெளியை வைத்துக் கதை கட்ட முடியாது.

'துப்பாக்கி வன்முறை' என்ற தொடரிலும் கவனம். 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர், அதில் 26,328 தற்கொலைகள். 'வன்முறை' என்றதும் வாசகர் கொலையைத்தான் நினைப்பார். மொத்த எண்ணைப் போட்டால் 'துப்பாக்கியால் நேர்ந்த மரணங்கள்' என்று எழுதிப் பிரித்துக் காட்டுங்கள். 'மாஸ் ஷூட்டிங்' எண்ணுக்கும் இதே விதி: நான்கு பேர் சுடப்பட்டாலே சேர்ப்பது ஒரு கணக்கு, நான்கு பேர் இறந்தால்தான் சேர்ப்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்தால் எண்கள் பல மடங்கு ஆடும்.

கயல்_மொழி
மிக்க நன்றி. 'தவறுதலாகத் துப்பாக்கி வெடித்தது' என்பதை என்ன செய்ய?

இரும்புக்குழல்
'வெடித்தது' என்றால் ஆளே இல்லாமல் போகிறார். நல்ல நிலையில் உள்ள நவீனக் கைத்துப்பாக்கிகளில், விசை இழுபடாதவரை சுடும் ஊசியைத் தடுத்து நிறுத்தும் அமைப்பு பெரும்பாலும் உண்டு. கீழே விழுந்தாலும் சாதாரணமாகச் சுடாது. விசையில் விரல் பட்டது உறுதியானால் 'கை பட்டுச் சுட்டுவிட்டார்'. கருவிப் பழுது உறுதியானால் 'பழுதால் வெடித்தது'. விசாரணை முடியவில்லை என்றால் 'துப்பாக்கியிலிருந்து குண்டு பாய்ந்தது, எப்படி என்று விசாரணை நடக்கிறது'. 'தவறுதலாக' என்பதைச் சொன்னவர் யாரோ அவர் வாயிலேயே வையுங்கள்.