ஒரு வருஷ பிரவுசர் கேஷ்ல (பிரவுசர் சேமிச்சு வைக்கிற காப்பி) மாட்டிக்கிட்டேன், வழி சொல்லுங்க

ரியாக்ட்ல எழுதின வெப் ஆப், அதுக்கு முன்னாடி என்ஜின்எக்ஸ் வெப் சர்வர். ஹாஷ் பேர் வச்ச (உள்ளடக்கம் மாறினா பேரும் மாறுற) ஜேஎஸ் ஃபைலுக்கு மட்டும் போடவேண்டிய 'மேக்ஸ்-ஏஜ்=31536000, இம்யூட்டபிள்' ஹெட்டரை ('ஒரு வருஷத்துக்குத் திரும்பக் கேக்காதே'ன்னு பிரவுசருக்குச் சொல்றது), தூக்கக் கலக்கத்துல இண்டெக்ஸ் பக்கத்துக்கும் போட்டுட்டேன். நேத்து புது வெர்ஷன் ஏத்தினேன். பழைய இண்டெக்ஸோட இருக்கிறவங்க பில் பக்கத்தைத் தொட்டா, அதுக்கான பழைய ஜேஎஸ் துண்டு சர்வர்ல இல்ல. 404, வெறும் வெள்ளைத் திரை.

இப்ப இண்டெக்ஸுக்கு 'நோ-கேஷ்' மாத்தியாச்சு, ஈடேக் (ஃபைலோட வெர்ஷன் அடையாளம்) பாத்து 304 ('மாறல'ங்கிற பதில்) ஒழுங்கா வருது. (நோ-கேஷ்னா 'சேமிக்காதே' இல்ல, 'கேட்டுட்டு எடு'ன்னு நேத்துதான் உறைச்சுது!) ஆனா ஏற்கனவே மாட்டினவங்க பிரவுசர் இண்டெக்ஸைக் கேட்டு வரவே மாட்டேங்குது.

அவங்ககிட்டேருந்து சர்வருக்கு வர்ற அந்த 404 ரிக்வெஸ்ட் மட்டும்தான் எனக்குக் கிடைச்ச கயிறு. அதுக்குப் பதிலா 'கிளியர்-சைட்-டேட்டா' ஹெட்டரோட (சைட்டோட கேஷை அழிக்கச் சொல்றது) ஒரு குட்டி ரீலோட் ஸ்கிரிப்ட் அனுப்பலாமா? லூப்ல சுத்துமோன்னு பயம். யாராவது செஞ்சு பாத்திருக்கீங்களா? முக்கியமா ஐபோன் சஃபாரில?