அப்பாவின் இரத்தத்தில் ஒரே குளோன் பி செல்கள்: இது புற்றுநோயா?

கேள்வி: மன்னார்குடி மகள்

வணக்கம். என் அப்பாவுக்கு வயது 71. கண்புரை அறுவைக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள் சற்றுக் கூடுதலாக இருந்ததால், செல்களை வகை பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி பரிசோதனை எடுக்கச் சொன்னார்கள். ஒரு மைக்ரோலிட்டரில் 1,400 பி செல்கள் ஒரே குளோனைச் சேர்ந்தவை என்று அறிக்கை சொல்கிறது. காய்ச்சல், இளைப்பு, நெறிக்கட்டி எதுவும் இல்லை. நேற்றும் சம்பா நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்தார். உறவினர் ஒருவர் இணையத்தில் பார்த்துவிட்டு இரத்தப் புற்றுநோய் என்று சொன்னதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. உடனே சிகிச்சை தொடங்க வேண்டுமா?

பதில்: ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பர், கும்பகோணம்

அம்மாவை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். பி செல்கள் லிம்போசைட்டுகளில் ஒரு வகை; நோய்க்கு எதிரான எதிர்ப்புரதத்தை உருவாக்குபவை. அவற்றில் சில அந்தப் புரதத்தின் கப்பா சங்கிலியையும் சில லாம்டா சங்கிலியையும் தாங்கியிருக்கும்; ஆரோக்கியமான இரத்தத்தில் இரண்டும் கலந்தே தெரியும். ஒரே குளோன், அதாவது ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டமானால் அத்தனையும் ஒரே சங்கிலியைக் காட்டும். விதை நெல் வயலில் கலவன் தனியாகத் தெரிவதுபோல, கணினித் திரையில் அந்தக் கூட்டம் மட்டும் விலகி நிற்கும். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இக்குளோன் ஒரு மைக்ரோலிட்டரில் 5,000க்குக் கீழே இருந்து, நெறிக்கட்டியோ மண்ணீரல் வீக்கமோ வேறு அறிகுறியோ இல்லையென்றால், அதன் பெயர் மோனோகுளோனல் பி செல் லிம்போசைட்டோசிஸ், புற்றுநோய் அன்று. வயது ஏற ஏற இது கூடுதலாகக் காணப்படுகிறது. நாள்பட்ட லிம்போசைட் இரத்தப் புற்று வந்த ஏறக்குறைய எல்லோரிடமும் முன்பே இக்குளோன் இருந்ததாக 2009இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. உங்கள் உறவினர் அதைப் படித்து அஞ்சியிருக்கலாம். ஆனால் குளோன் உள்ள எல்லோருக்கும் அந்நோய் வருவதில்லை. 500க்குக் கீழே இருப்பவர்களிடம் அது வளர்வது மிக அரிது. அப்பாவைப் போல 500க்கு மேல் இருப்பவர்களில் ஆண்டுக்கு 100க்கு ஒருவர் அல்லது இருவருக்கே சிகிச்சை தேவைப்படும் நிலை வருகிறது. இப்போது மருந்து வேண்டாம். மருத்துவர் சொல்லும் இடைவெளியில் இரத்த எண்ணிக்கையைப் பார்த்து வந்தால் போதும்.

பதில்: மயிலாடுதுறை வாசகர்

ஐயா சொன்னது சரி. என் தாயாருக்கும் இதே நிலை நான்கு ஆண்டுகளாக உள்ளது. ஆனால் இரத்தப் புற்றைவிட நாங்கள் அஞ்ச வேண்டியது தொற்றுதான் என்பதை எங்களுக்குத் தாமதமாகத்தான் சொன்னார்கள். இக்குளோன் மிகுந்தவர்களுக்கு நிமோனியா போன்ற கடுந்தொற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். காலில் வெட்டோ சேற்றுப்புண்ணோ இருக்கும்போது அப்பாவை வயலில் இறங்க விடாதீர்கள். எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீர் வழியாகத்தான் வருகிறது. காய்ச்சல் கண்டால் கஷாயம் குடித்துக் காத்திருக்காமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.

மன்னார்குடி மகள்

இருவருக்கும் மிக்க நன்றி. அப்பாவின் இடது குதிகாலில் ஆறாத வெடிப்பு ஒன்று இருக்கிறது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பிள்ளைகளாகிய நாங்களும் பரிசோதிக்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பர், கும்பகோணம்

தேவையில்லை. அறிகுறி இல்லாத உறவினர்களுக்கு இப்பரிசோதனையை வழக்கமாகப் பரிந்துரைப்பதில்லை. குதிகாலை நாளையே மருத்துவரிடம் காட்டுங்கள்.