நெப்ராஸ்காவுக்கு அடுத்த பயிற்சியாளராக எப்படிப்பட்டவர் வர வேண்டும்?

கிழக்கு மாடம் – 2022 அக்டோபர் 11

நெப்ராஸ்கா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்ட் நீக்கப்பட்டு இன்றோடு சரியாக ஒரு மாதம் ஆகிறது. நேற்று கரோலைனா பாந்தர்ஸ் என்ற தொழில்முறை அணி தன் பயிற்சியாளர் மேட் ரூலை வெளியேற்றியதிலிருந்து நம் லிங்கன் நகரிலும் ஓமஹாவிலும் எல்லோரும் பெயர்களையே உச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள். யார் வேண்டும் என்பதற்கு முன்னால், எப்படிப்பட்டவர் வேண்டும் என்பதை நாம் பேசிவிட வேண்டும். 2017 முடிவில் அதை யாரும் பேசவில்லை. வுட் ரிவரில் வளர்ந்த பையன், 1997-இல் தேசியப் பட்டம் வென்ற அணியில் ஆட்டத்தை நடத்திய குவார்ட்டர்பேக், மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தை இரண்டே ஆண்டுகளில் 13 வெற்றி, தோல்வியே இல்லை (13-0) என்பது வரை கொண்டுபோனவர் என்று கேட்டவுடனேயே நம் மனம் நிறைந்துவிட்டது. முடிவில் கிடைத்தது 16 வெற்றிகளும் 31 தோல்விகளும்.

செப்டம்பர் 10 இரவு, ஜார்ஜியா சதர்ன் ஆட்டத்துக்கு என் மகளை அழைத்துப் போயிருந்தேன். சொந்த மைதானத்தில் 35 புள்ளிகளோ அதற்கு மேலோ எடுத்த எந்த ஆட்டத்திலும் நெப்ராஸ்கா அதுவரை தோற்றதில்லை; 214 ஆட்டங்களில் 214 வெற்றிகள். அன்று 42 எடுத்தும் தோற்றோம். எதிரணி 642 கெஜம் முன்னேறியது. 36 விநாடிகள் மிச்சமிருந்தபோது அவர்களுடைய குவார்ட்டர்பேக் தானே பந்தைத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினார். எங்களுக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, உட்காரும் மெத்தையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெளியேறும் விருந்தாளி அணிக்குக் கைதட்டினார். வென்றாலும் தோற்றாலும் வந்த அணியைக் கைதட்டி வழியனுப்புவது இங்கே பழக்கம். ஆனால் நம் பையன்கள் நின்ற பக்கம் அவர் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அது என் மனத்தை விட்டு இன்னும் போகவில்லை.

மறுநாளே விளையாட்டுத் துறை இயக்குநர் ட்ரெவ் ஆல்பர்ட்ஸ் முடிவெடுத்தார். அக்டோபர் 1 வரை காத்திருந்தால் ஃப்ராஸ்டுக்குக் கொடுக்க வேண்டிய 1.5 கோடி டாலர் பாதியாகக் குறைந்திருக்கும் என்று தெரிந்தும் அவர் காத்திருக்கவில்லை. அந்த முடிவை நான் மதிக்கிறேன்.

எனக்கு வேண்டியவர், முதலில் லைனை, அதாவது முன்வரிசையில் நின்று மோதும் ஆட்களை, கட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பந்து கிளம்புகிற அந்த நொடியில் எதிரே நிற்பவனைப் பின்னுக்குத் தள்ள முடியாத அணிக்கு எந்தத் திட்டமும் உதவாது. அடுத்தது, சின்ன விஷயங்களில் கண்டிப்பு. 2021-இல் நாம் தோற்ற ஒன்பது ஆட்டங்களில் ஒன்றில்கூட வித்தியாசம் பத்துப் புள்ளியை எட்டவில்லை. மிஷிகன் ஸ்டேட் ஆட்டத்தில் பண்டை, அதாவது எதிரணியிடம் பந்தைத் தொலைவாக உதைத்துக் கொடுப்பதை, ஒரு பக்கம் உதைக்க வேண்டியிருக்க, மறுபக்கம் உதைத்தோம். அதை அவர்கள் 62 கெஜம் ஓடிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் ஆக்கினார்கள். அயோவா ஆட்டத்தில் 21-6 என்று முன்னிலையில் இருந்தோம். கடைசிக் கால்பகுதியில் நம் பண்டைத் தடுத்து, அதையே டச்டவுன் ஆக்கி, 28-21 என்று ஜெயித்தார்கள். ஒரே ஸ்கோர், அதாவது எட்டுப் புள்ளிக்குள்ளான, வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் ஃப்ராஸ்டின் கணக்கு 5-22. இத்தனை முறை நடந்த பிறகு அதை அதிர்ஷ்டக் குறைவு என்று சொல்ல முடியாது. செவ்வாய்க்கிழமை பயிற்சியில் செய்யாததுதான் சனிக்கிழமை வெளியே வருகிறது.

பழைய சிவப்பு – 2022 அக்டோபர் 11

நண்பருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. நான் 1994-இல் முதுகலை படிக்க லிங்கன் வந்தவன். அந்த ஆண்டே அப்போதைய பயிற்சியாளர் டாம் ஆஸ்பர்ன் தன் முதல் தேசியப் பட்டம் வென்றார். மறு ஆண்டுப் பட்டத்துக்கான ஃபியெஸ்டா பவுல் என்ற இறுதி ஆட்டத்தில் ஃப்ளோரிடாவை 62-24 என்று வென்றதை விடுதியின் பொது அறையில் ஐம்பது பேரோடு நின்றுகொண்டே பார்த்தேன். அந்த அணியில் உதவித்தொகை இல்லாமல், தன் செலவில் வந்து சேர்ந்த சிற்றூர்ப் பையன்கள் ஏராளம். வாக்-ஆன் என்று அவர்களைச் சொல்வோம். இருபது லட்சம் பேர்கூட இல்லாத மாநிலம் அவர்களை வைத்துத்தான் பெரிய மாநிலங்களோடு மோதியது.

ஊரைத் தெரியாதவர் வந்தால் என்ன ஆகும் என்பதை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். 2003-இல் 9-3 என்று இருந்த பயிற்சியாளர் ஃபிராங்க் சோலிச்சை நீக்கிவிட்டு, தொழில்முறை லீகிலிருந்து பில் கல்லஹனைக் கொண்டுவந்தார்கள். அவர் பல ஆண்டுகளாக நம் அடையாளமாக இருந்த, தானே ஓடுவதா பந்தைக் கைமாற்றுவதா என்று குவார்ட்டர்பேக் களத்திலேயே முடிவெடுக்கும் ஆப்ஷன் ஆட்டத்தைத் தூக்கியெறிந்தார். முதல் ஆண்டிலேயே 5-6. தொடர்ந்து 35 ஆண்டுகள், பருவ முடிவில் நன்றாக ஆடிய அணிகளுக்கு நடக்கும் பவுல் ஆட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த வரிசை அன்றோடு அறுந்தது. 2007-இல் கான்சஸ் நம்மீது 76 புள்ளிகள் எடுத்தது. அந்த எண்ணை எழுதும்போது இப்போதும் எனக்கு வலிக்கிறது.

ஃப்ராஸ்டுக்குப் பின் தற்காலிகப் பொறுப்பேற்ற மிக்கி ஜோசப்புக்கே இந்தப் பதவியைக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அவர் 1988 முதல் 1991 வரை ஆஸ்பர்னின் கீழ் இங்கே குவார்ட்டர்பேக்காக இருந்தவர். லூசியானாவில் பிறந்து வளர்ந்ததால் தெற்கில் வீடு வீடாகப் போய் வீரர்களைச் சேர்க்கத் தெரிந்தவர். 2019-இல் பட்டம் வென்ற லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக (எல்.எஸ்.யு.) அணியில் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். ஓக்லஹோமாவிடம் 49-14 என்று தோற்ற மறுநாளே டிஃபென்ஸ் (தடுப்பாட்டப்) பொறுப்பாளரை மாற்றினார். அதன்பின் இண்டியானா, ரட்கர்ஸ் என்று இரண்டு வெற்றிகள். நம் லீகான பிக் டென்னில் நாம் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள் ஜெயிப்பது 2018-க்குப் பிறகு இதுதான் முதல் முறை.

நெடுஞ்சாலை 80 – 2022 அக்டோபர் 12

இரண்டு பெரியவர்களும் கடந்த காலத்தைப் பற்றித்தான் பேசியிருக்கிறீர்கள். 2021 ஜூலை 1 முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து வெளிப்படையாகப் பணம் ஈட்டலாம். அதே ஆண்டிலிருந்து ஒருமுறை வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் ஓராண்டு வெளியே உட்கார வேண்டியதும் இல்லை. 2024-இல் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகங்களான யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டென்னுக்குள் வருகின்றன. கான்சாஸ் சிட்டியும் டென்வரும் தவிர நமக்கு அருகே பெருநகரம் ஏது? 2011-இல் லீக் மாறியபோது, டெக்சஸில் ஆண்டுதோறும் ஆடி அங்கிருந்து பையன்களைக் கொண்டுவந்த வழியையும் நாமே விட்டுவிட்டோம்.

ஆகவே எனக்கு வேண்டியவர், பதினேழு வயதுப் பையனின் அம்மாவிடம் உட்கார்ந்து பேசி நம்பிக்கை பெறக்கூடியவர். கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பதிவுசெய்யும் போர்ட்டலில் பெயர் வந்த அன்றே தொலைபேசியை எடுப்பவர். நன்கொடையாளர்களை ஒன்றுசேர்க்கத் தெரிந்தவர். யு.எஸ்.சி. சென்ற ஆண்டு 4-8. பயிற்சியாளராக லிங்கன் ரைலி வந்தார், குவார்ட்டர்பேக்கையும் கூட அழைத்து வந்தார், இன்று 6-0. மிஷிகன் ஸ்டேட் 2021-இல் வேறு கல்லூரியிலிருந்து வந்த ஒரே ஓட்டக்காரரை வைத்து 11-2 முடித்தது. லைனைக் கட்ட நான்கு ஆண்டு ஆகும் என்று சொல்பவருக்கு அந்த நான்கு ஆண்டை யார் கொடுக்கப் போகிறார்கள்?

கிழக்கு மாடம் – 2022 அக்டோபர் 12

தம்பி நெடுஞ்சாலை சொன்ன மிஷிகன் ஸ்டேட்டையே எடுத்துக்கொள்வோம். அந்த ஓட்டக்காரர் தொழில்முறை லீகுக்குப் போய்விட்டார். பயிற்சியாளருக்குப் பத்து ஆண்டு, 9.5 கோடி டாலர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இன்று அவர்கள் 2-4. வெளியிலிருந்து வாங்கியது ஒரு பருவத்தோடு போய்விட்டது. யு.எஸ்.சி.யை நமக்கு ஒப்பிடுவதும் பொருந்தாது. லாஸ் ஏஞ்சலஸில் வீட்டு வாசலிலேயே வீரர்கள் இருக்கிறார்கள். நாமோ ஒவ்வொருவரையும் விமானம் ஏற்றி, நவம்பர் குளிரைக் காட்டி, அதற்குப் பிறகும் சம்மதிக்கவைக்க வேண்டும். போர்ட்டல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓட்டையை அடைக்க அது உதவும். சுவர் எழுப்ப உதவாது.

கான்சஸைப் பாருங்கள். லான்ஸ் லைபோல்ட் போன ஆண்டு அங்கே பொறுப்பேற்றபோது பெரிய லீக்குகளிலேயே மிக மோசமான அணி அதுதான். 2021-இல் 2-10. இந்த ஆண்டு 5-0 என்று தொடங்கி, போன சனிக்கிழமைதான் முதல் தோல்வி. அவர் அணியில் இருந்த பையன்களில் பெரும்பாலோரை வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ரூலின் கதையும் அதே வகைதான். டெம்பிள் பல்கலைக்கழகத்தில் 2013-இல் 2-10, அடுத்த ஆண்டு 6-6, பிறகு பத்து வெற்றிகள். பேய்லரில் 2017-இல் 1-11. 2019-இல் 11 வெற்றிகள். இரண்டு வெவ்வேறு இடங்களில், குழிக்குள் கிடந்த அணிகளை, மூன்றாம் ஆண்டில் பத்து வெற்றிகளுக்கோ அதற்கு மேலோ கொண்டுவந்திருக்கிறார். ஒருமுறை நடந்தால் அது வாய்ப்பாக இருக்கலாம். இரண்டாவது முறையும் அதே வரிசையில் நடந்தால் அங்கே ஒரு வழிமுறை இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஃப்ராஸ்டிடம் நமக்கு இருந்தது ஒரே ஒரு சான்று.

பழைய சிவப்பு ஐயாவுக்கு ஒன்று. ஊர்க்காரர் என்பதைத் தகுதியாக வைத்தால், அந்தத் தகுதி ஃப்ராஸ்டை விட அதிகம் யாருக்கு இருந்தது?

தெற்கு லிங்கன் – 2022 அக்டோபர் 12

என் மகன் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறான். நெப்ராஸ்கா கடைசியாகப் பவுல் ஆட்டம் ஆடியது 2016 டிசம்பரில். அப்போது அவனுக்கு நான்கு வயது. சட்டையும் தொப்பியும் சிவப்பில் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், ஆனால் இந்த அணி ஒரு பருவத்தில் பாதிக்கு மேல் ஜெயித்தது என்பது அவனுக்கு நினைவில்லை. பள்ளியில் அயோவா சட்டை போட்டுவரும் பையனோடு அவன் இப்போது வாதாடுவதையே நிறுத்திவிட்டான். ரூல் வந்து முதல் ஆண்டு இரண்டு வெற்றிதான், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால், அதை அவனிடம் எப்படிச் சொல்வது?

அதைவிட முக்கியமான சந்தேகம் வேறு. ரூல் டெம்பிளில் நான்கு ஆண்டுகள், பேய்லரில் மூன்று ஆண்டுகள். அணி உருவாகி முடிந்த கணத்தில் கிளம்பியிருக்கிறார். கரோலைனாவில் 11-27 என்பதையும் தள்ளிவிட முடியாது. வளர்ந்த ஆண்களிடம் எடுபடாத முறை, பணம் கையில் வந்துவிட்ட இன்றைய மாணவர்களிடம் மட்டும் எப்படி எடுபடும்? கட்டுபவர் வேண்டும் என்பதில் கிழக்கு மாடத்தோடு எனக்கு முழு உடன்பாடு, ஆனால் கட்டிவிட்டுக் குடியிருப்பவராகவும் அவர் இருக்க வேண்டும். லைபோல்ட் விஸ்கான்சின் வைட்வாட்டர் பல்கலைக்கழகத்தில் எட்டு ஆண்டுகள் இருந்து ஆறு பட்டங்கள் வென்றார், பஃபலோவில் ஆறு ஆண்டுகள் இருந்தார். சோலிச்சின் காலத்தில் இங்கேயும், அதற்கு முன்னும் பின்னும் ஓமஹாவிலும் வேலை பார்த்திருக்கிறார். ஊரும் தெரியும், கட்டவும் தெரியும். பழைய சிவப்பு ஐயா கேட்பதும் இதில் அடங்கும் என்று நினைக்கிறேன்.

பழைய சிவப்பு – 2022 அக்டோபர் 13

கிழக்கு மாடத்தின் கேள்வி நியாயமானது. ஃப்ராஸ்ட் ஊர்க்காரர்தான், ஆனால் ஆஸ்பர்னின் முறையை அவர் கொண்டுவரவில்லை என்பதே என் குறை. நெப்ராஸ்கா 1969-இலேயே எடைப்பயிற்சிக்கென்று பாய்ட் எப்ளியை நியமித்த இடம்; மற்ற கல்லூரிகள் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டன. மில்ட் டெனோபிர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் லைனுக்கு மட்டுமே பயிற்சி கொடுத்தார். உள்ளூர்ப் பண்ணைப் பையன் பதினெட்டு வயதில் ஒல்லியாக வருவான், மூன்று ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் உழைப்பான், இருபத்தொரு வயதில் எதிரணியின் பெரிய ஆளை மல்லாத்துவான். ஊர் தெரிந்தவர் வேண்டும் என்று நான் சொல்லும்போது இந்தப் பொறுமையைத்தான் சொல்கிறேன். அந்த அளவில் நீங்களும் நானும் ஒரே இடத்தில்தான் நிற்கிறோம்.

தெற்கு லிங்கன் அம்மாவுக்கு ஒரு நினைவூட்டல். ஆஸ்பர்ன் முதல் ஐந்து ஆண்டுகளும் ஓக்லஹோமாவிடம் தோற்றார். அவருடைய முதல் தேசியப் பட்டம் 22-ஆவது பருவத்தில்தான் கிடைத்தது.

ஜோசப்பை நான் விட்டுக்கொடுக்கவில்லை. ரட்கர்ஸ் ஆட்டத்தில் இடைவேளையின்போது 13-0 என்று பின்தங்கியிருந்தோம். போன ஆண்டு அணியாக இருந்தால் நல்லபடி போராடி நான்கு புள்ளியில் தோற்றிருக்கும். இந்த அணி 14-13 என்று ஜெயித்தது.

நெடுஞ்சாலை 80 – 2022 அக்டோபர் 13

ஆஸ்பர்னோடு ஒப்பிட வேண்டாம் ஐயா. அவர் அந்த 22 ஆண்டுகளிலும் ஒவ்வோர் ஆண்டும் ஒன்பது ஆட்டங்களாவது ஜெயித்துக்கொண்டுதான் காத்திருந்தார். நாம் 2017-க்குப் பிறகு ஐந்தைத் தாண்டவே இல்லை. அதோடு, யார் கண்ணிலும் படாமல் மூன்று ஆண்டுகள் உழைக்கும் அந்தப் பண்ணைப் பையன் இரண்டாம் ஆண்டு முடிவிலேயே வேறு கல்லூரிக்குப் போய்விடக்கூடிய காலம் இது. அவனைத் தக்கவைப்பதும் ஆட்சேர்ப்புதான். ரூலோ லைபோல்டோ யார் வந்தாலும், இதைத் தெரிந்தவராக இருந்தால் நான் எதிர்க்க மாட்டேன். ஜோசப் தலைவராக இல்லாவிட்டாலும் அவரைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கிழக்கு மாடம் – 2022 அக்டோபர் 13

தக்கவைப்பதும் ஆட்சேர்ப்புதான் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். என் முதல் பதிவில் அது இல்லாதது குறைதான். ஆனால் ரட்கர்ஸ் வெற்றியை நான் அப்படிப் பார்க்கவில்லை. அன்று நாம் எடுத்தது மொத்தம் 14 புள்ளிகள். நம் குவார்ட்டர்பேக் எத்தனை முறை மல்லாந்து கிடந்தார் என்பதை நீங்களும் பார்த்தீர்கள். டிஃபென்ஸ் காப்பாற்றியது. சனிக்கிழமை பர்டூவின் மைதானத்தில் ஆட்டம். ஸ்கோரைப் பார்ப்பதற்கு முன்னால், மூன்றாவது முயற்சியில் இரண்டே கெஜம் தேவைப்படும்போது நம் லைன் அதை எடுக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எடுத்தால் ஜோசப்பைப் பற்றி மறுபடியும் யோசிக்க நான் தயார்.

தெற்கு லிங்கன் – 2022 அக்டோபர் 14

ஆல்பர்ட்ஸ் நேர்காணலுக்கு உட்காரும்போது, உன் திட்டம் என்ன என்று கேட்க வேண்டாம். எல்லோரிடமும் அழகான திட்டம் இருக்கும். நீ இதற்கு முன் இருந்த இடத்தில் யாரும் கேட்காத பையனாக வந்து, உன்னோடு நான்கு ஆண்டுகள் இருந்து, நான்காம் ஆண்டில் களத்தில் நின்றவர்கள் எத்தனை பேர், அவர்களுடைய பெயர்களைச் சொல் என்று கேட்க வேண்டும். தாளைப் பார்க்காமல் பத்துப் பெயர் சொல்பவருக்கு வேலையைக் கொடுக்கலாம்.

பர்டூ ஆட்டத்தை மகனோடு உட்கார்ந்து பார்க்கப் போகிறேன். அந்த இரண்டு கெஜத்தை அவனையே எண்ணச் சொல்லியிருக்கிறேன்.