முழு நைட் பாக்குறவனுக்குக் காலைங்கறது எது?

ரிங்ஃபிரேம் பிட்டர்:
வயசு 46. ஸ்பின்னிங் மில்லுங்க. பகல், அரை நைட், முழு நைட்னு வாராவாரம் ஷிப்ட் மாறும். போன மாசம் பிபி 150/96. டாக்டர் மாத்திரை எழுதுனாரு. மெடிக்கல்காரர் கவர்மேல ‘காலை 1’னு கிறுக்கிக் குடுத்தாரு. முழு நைட்ல ராத்திரி 1 மணிக்கு ஏறி காலையில 8க்கு இறங்கறேன். நாலு இட்லி, ஜன்னலுக்கு ஒரு பெட்ஷீட், தூக்கம். அப்ப எனக்குக் காலை எதுங்க? எங்க டிபார்ட்மெண்ட்ல இந்த வருசம் ரெண்டு பேருக்கு அட்டாக், ரெண்டும் விடியக்காலம். அதான் பயம்.

பழைய சிஸ்டர்:
தம்பி, 22 வருஷம் இதயப் பிரிவுல இருந்தவ சொல்றேன். விடியலுக்கும் மதியத்துக்கும் நடுவுலதான் எங்களுக்குக் கேஸ் குவியும். உடம்பை எழுப்ப கார்ட்டிசால்ங்கற ஹார்மோன் ஏறும், பிபி ஏறும், ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் சுலபமா ஒட்டிக்கும்; ரத்தக்கட்டியைக் கரைக்கிற சக்தியோ அந்த நேரம் பார்த்து மட்டமா இருக்கும். இதுக்கெல்லாம் மணி அடிக்கிறது மூளைக்குள்ள சுமார் 20,000 செல் உள்ள ஒரு பொட்டு. வெளிச்சத்தைப் பார்த்து நேரம் வைக்கும். இதயத்துக்கும் ஈரலுக்கும் தனித்தனிக் கடிகாரம் வேற. மூணும் ஒத்துப்போறதுக்குள்ள உங்களுக்கு அடுத்த ஷிப்ட் வந்துடுது! 2012ல 20 லட்சம் பேருக்கு மேல சேர்த்துப் பார்த்த கணக்குல, ஷிப்ட் வேலைக்காரங்களுக்கு மாரடைப்பு 23 சதவீதம் கூடுதல். அதுக்காக அந்த ரெண்டு பேருக்கும் அதுதான் காரணம்னு நான் சொல்லமாட்டேன். பீடி, சர்க்கரை எல்லாம் பார்க்கணும்.

மாத்திரைக்கு வருவோம். பிரிட்டன்ல 21,000 பேரை வச்சுப் பார்த்து 2022ல சொன்னது, காலையில போட்டாலும் ராத்திரி போட்டாலும் வித்தியாசமில்லைன்னு. விடாம போடறதுதான் முக்கியம். மூணு ஷிப்ட்லயும் நீங்க முழிச்சிருக்கிற ஒரு மணியைப் பிடிங்க. நீர் மாத்திரைன்னா, அதாவது ஒண்ணுக்கு அதிகமாப் போக வைக்கிறதுன்னா மட்டும், தூங்கப்போற நேரத்துல வேண்டாம். டாக்டர்கிட்ட ஷிப்டைச் சொன்னீங்களா?

சுல்சர் லூம்:
எங்க தாத்தா 30 வருசம் முழு நைட் பாத்தாரு, 84 வரைக்கும் கல்லாட்டம் இருந்தாரு.

பழைய சிஸ்டர்:
தாத்தா காலத்துல ஷிப்ட் முடிஞ்சு வந்து படுக்கையில போன் நோண்டினாரா?

ரிங்ஃபிரேம் பிட்டர்:
இன்னைக்கு டாக்டர்கிட்டப் போய்க் கேட்டுட்டேங்க சிஸ்டர். ஷிப்டைப் பத்தி அன்னைக்கு அவரும் கேக்கல, நானும் சொல்லல. நீர் மாத்திரை இல்லை, அம்லோடிபின் 5. ராத்திரி 8 மணின்னு முடிவு பண்ணியாச்சு. அலாரம் வைக்கலாம்னா அரை நைட்ல மில்லுக்குள்ள போன் விடமாட்டாங்க; ஆனா 8க்குச் சாப்பாட்டுச் சங்கு ஊதுவாங்க. டிபன் பாக்ஸ் மூடியில ஒரு மாத்திரையை டேப் போட்டு ஒட்டிட்டேன்.