மறு: கொழுப்பேற்றமா, கொழுவொட்டா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

புரதத்தோடு கொழுப்பு வந்து சேரும் நிகழ்வுக்கு (ஆங்கிலத்தில் lipidation) அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி முன்வைத்த 'கொழுப்பேற்றம்' என்ற சொல்லுக்குப் பலரும் ஆதரவு தெரிவித்திருக்கிறீர்கள். அது நம் கலைச்சொல் பட்டியலில் ஏறுவதற்கு முன் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சி பொறுத்தருள வேண்டும்.

> நீரேற்றம், மின்னேற்றம் என்று ஏற்கெனவே வழங்குகிறோம். அந்த வரிசையில் இதுவும் இயல்பாக உட்கார்ந்துவிடும்.

உட்காரும்தான். ஆனால் 'ஏற்றம்' என்றதும் மனத்தில் வருவது அளவு: எவ்வளவு ஏறியது, கூடியதா குறைந்ததா என்பது. பாளையங்கோட்டையில் தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்குள் நுழையும் ஒரு பிள்ளை 'புரதக் கொழுப்பேற்றம்' என்று படித்தால், இரத்தத்தில் கொலஸ்டிரால் ஏறுவதைப் போன்ற ஏதோ ஒன்று என்றுதான் நினைக்கும். இங்கே நடப்பது வேறு. ஒரு புரதச் சங்கிலியில், குறித்த ஓர் இடத்தில், குறித்த ஓர் அணுவோடு ஒரு கொழுப்பு வால் வந்து சேர்கிறது. அந்த இடம் பிசகினால் எல்லாம் பிசகும்.

செல்லைப் பெருகச் சொல்லும் ராஸ் புரதத்தையே எடுத்துக்கொள்வோம்; அதில் எச்-ராஸ், கே-ராஸ், என்-ராஸ் என மூன்று வகை. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ராஸ் மரபணுக்கள் சடுதிமாற்றம் அடைந்திருக்கின்றன. கணையப் புற்றில் பெரும்பாலானவற்றில் கே-ராஸ் மாறியிருக்கிறது. எச்-ராஸ் சங்கிலியில் 189 அமினோ அமிலங்கள். கடைசி நான்கு: சிஸ்டீன், வாலின், லூசின், செரின். இந்த நான்கைத்தான் நொதி அடையாளம் காண்கிறது. 186-ஆம் இடத்துச் சிஸ்டீனின் கந்தக அணுவில் 15 கார்பன் நீளமுள்ள ஃபார்னெசில் வாலை அது இணைக்கிறது. பிறகு இன்னொரு நொதி கடைசி மூன்றையும் வெட்டி எறிகிறது. மூன்றாவது நொதி வெட்டிய முனையில் ஒரு மெத்தில் தொகுதியை வைக்கிறது. நீரோடு ஒட்டாத அந்த முனை இப்போது செல்லின் சவ்வுகளை நாடுகிறது. அந்த ஒரு சிஸ்டீனை மாற்றிவிட்டால், புற்றைத் தூண்டும் சடுதிமாற்றம் இருந்தும் ராஸ் சவ்வை எட்டாமல், செல்லைப் புற்றாக்க முடியாமல் போகிறது. 1984-இலேயே இதைக் காட்டிவிட்டார்கள்.

தானே ஒரு நொதியான சார்க் புரதத்தில் இதே வேலை மறுமுனையில் நடக்கிறது. முதலில் நிற்கும் கிளைசினில் 14 கார்பன் கொண்ட மிரிஸ்டேட் என்ற கொழுப்பு சேர்கிறது. கோழிகளுக்குப் புற்றை உண்டாக்கும் ரவுஸ் வைரஸின் சார்க்கில் அந்தக் கிளைசினை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள் (1985). நொதியாக அது தன் வேலையைச் செய்தது. செல்கள் மட்டும் புற்றாக உருமாறவில்லை.

ஒன்று முன்னால் சேர்கிறது, ஒன்று பின்னால் சேர்கிறது. இதற்குத் தமிழ் இலக்கணம் நமக்குக் கொடுத்திருக்கும் சொல் 'ஒட்டு'. முன்னொட்டு, பின்னொட்டு என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். தமிழே ஒட்டுநிலை மொழி என்பது இடையன்குடி கால்டுவெல் காலத்திலிருந்து சொல்லிவருவது. ஆகவே என் பரிந்துரை: சேரும் பொருள் கொழுவொட்டு, சேரும் நிகழ்வு கொழுவொட்டல். மிரிஸ்டேட் முன்கொழுவொட்டு, ஃபார்னெசில் பின்கொழுவொட்டு. சொல்லைப் பார்த்ததுமே இடம் தெரிந்துவிடும்.

> 'கொழு' என்றால் எங்கள் ஊரில் கலப்பைக் கொழுதான்.

எங்கள் ஊரிலும் அதேதான், தம்பி. ஆனால் கொழுத்த, கொழுமை, கொழுப்பு எல்லாவற்றுக்கும் 'கொழு' என்பதுதான் அடி; ஏரும் புரதமும் ஒரே பக்கத்தில் வந்து குழப்பப் போவதில்லை. 'கொழுப்பொட்டு' என்று முழுச்சொல்லை வைத்தால் நெற்றிப் பொட்டு நினைவுக்கு வருகிறது என்று அக்கா எழுதியிருந்தது மிகச் சரி.

உவரியிலிருந்து எழுதிய நண்பர் 'நங்கூரம்' கேட்டிருந்தார். அழகான சொல், ஆனால் நங்கூரமிட்ட வள்ளம் ஓரிடத்தில் நிற்கும். ராஸ் சவ்வின் தளத்துக்குள் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், எல்லா ஒட்டும் நிலைத்திருப்பதில்லை என்பது. எச்-ராஸுக்கு ஃபார்னெசில் மட்டும் போதாது; அருகிலுள்ள இரண்டு சிஸ்டீன்களில் பால்மிட்டேட் என்ற இன்னொரு கொழுப்பும் சேர வேண்டும். என்-ராஸுக்கு ஒன்று. இந்தப் பால்மிட்டேட்டை நொதிகள் கழற்றுகின்றன; கழன்ற புரதம் செல்லுக்குள் இருக்கும் கோல்கை உறுப்புக்குப் போய் மறுபடி ஒட்டுப்பெற்று வெளிச்சவ்வுக்குத் திரும்புகிறது. ஒரே புரதம் தன் ஆயுளில் பலமுறை இப்படிச் சுற்றுகிறது. இதற்கு, மீள்வினை என்ற வழக்கைப் பின்பற்றி, 'மீளொட்டு' என்று தனிச்சொல் வைத்தாக வேண்டும். ஃபார்னெசில் கழலாது, அது 'நிலையொட்டு'. கே-ராஸின் முதன்மை வடிவத்தில் பால்மிட்டேட்டே கிடையாது. நேர்மின்னேற்றம் கொண்ட லைசின் வரிசை ஒன்று, சவ்வின் உட்புற எதிர்மின்னேற்றத்தை நாடி அந்த வேலையைச் செய்கிறது.

இவ்வளவு நுணுக்கம் பொதுவாசகருக்கு எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். மருந்தின் கதையே இந்த நுணுக்கத்தில்தான் இருக்கிறது. ஃபார்னெசில் ஒட்டும் நொதியைத் தடுத்தால் ராஸ் அடங்கிவிடும் என்று பெரும் நம்பிக்கையோடு மருந்துகள் செய்தார்கள். அவற்றில் ஒன்றான டிபிஃபார்னிப் கணையப் புற்றில் கைகொடுக்கவில்லை. 2004-இல் வெளியான பெரிய ஆய்வு அதைக் காட்டியது. ஃபார்னெசில் கிடைக்காதபோது கே-ராஸும் என்-ராஸும் வேறொரு நொதியிடம் 20 கார்பன் ஜெரனைல்ஜெரனைல் வாலைப் பெற்றுக்கொண்டு சவ்வை அடைந்துவிடுகின்றன. எச்-ராஸால் அது முடியாது. அதனால்தான் அந்த மருந்து பிற்பாடு எச்-ராஸ் மாறிய தலை, கழுத்துப் புற்றுகளில் மறுவாழ்வு பெற்றது. அதே வகை மருந்தான லோனாஃபார்னிப், குழந்தைகளை விரைவில் முதுமையாக்கும் புரோஜீரியா நோய்க்கு 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அங்கேயும் சிக்கல், வேறொரு புரதத்தில் வெட்டுப்பட வேண்டிய முனை, ஒட்டிய ஃபார்னெசிலோடு வெட்டப்படாமல் தங்கிவிடுவதுதான். 'கொழுப்பேற்றத்தைத் தடுக்கும் மருந்து' என்று எழுதினால் இந்தக் கதையில் பாதி காணாமல் போய்விடும். நோயாளியின் வீட்டார் அதை மாரடைப்புக்குத் தரும் மாத்திரை என்று எடுத்துக்கொண்டாலும் வியப்பில்லை.

கொழுப்புகளின் பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. பால்மிட்டேட்டைப் 'பனையம்' ஆக்கினால் நம் தேரிக்காட்டுப் பனைதான் வாசகர் கண்முன் நிற்கும். அந்தப் பெயரோ எண்ணெய்ப்பனையிலிருந்து வந்தது. மிரிஸ்டேட்டுக்குச் சாதிக்காயைக் கொண்டுவந்தால் குற்றாலத்துத் தோட்டக்காரர்கள் மகிழ்வார்கள், வேதியியல் படிப்பவர்கள் அல்லாடுவார்கள். ஒலிபெயர்ப்பே போதும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. சேர்க்கும் நொதியை 'ஒட்டுநொதி' என்று சொல்லிவிடலாம். பால்மிட்டேட்டைப் பிரித்தெடுப்பதை 'ஒட்டுநீக்கி' என்பதா, 'கழற்றுநொதி' என்பதா? எனக்குக் கழற்றுநொதி பிடித்திருக்கிறது. 'நீக்கி' என்றால் கறைநீக்கி போல ஒரு கடைப்பொருளாகத் தோன்றுகிறது. உயிர்வேதியியல் நடத்தும் ஆசிரியர்கள் வகுப்பில் இரண்டையும் சொல்லிப் பார்த்து, பிள்ளைகள் எதைத் தாமாகவே எடுத்துப் புழங்குகிறார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து