பன்னா கோட்டா ரப்பர் மாதிரி ஆகிவிட்டது, ஏன்?

கேள்வி:
நேற்று முதல் தடவையாக பன்னா கோட்டா (கிரீமை உறைய வைத்துச் செய்யும் இத்தாலிய இனிப்பு) செய்தேன். கிரீமும் பாலும் சேர்த்து அரை லிட்டர், சர்க்கரை, வெனிலா, வீட்டில் சைவம் என்பதால் ஜெலட்டினுக்குப் பதில் கடல்பாசித் தூள் இரண்டு டீஸ்பூன். கத்தி போட்டு வெட்ட வேண்டியிருந்தது. எங்கே தப்பு?

பதில்:
இரண்டு டீஸ்பூனா! அரையே போதுங்க. தட்டை அசைத்தால் லேசாக ஆட வேண்டும், அதுதான் பதம். தூளைப் பாலில் கரைத்து இரண்டு நிமிடம் நன்றாகக் கொதிக்க விட்டு, அப்புறம் கிரீமைச் சூடாகவே சேருங்கள், ஜில்லென்று ஊற்றினால் கட்டி கட்டிவிடும்.

இன்னொரு பதில்:
ஜெலட்டின் நேர் எதிர், கொதிக்கவே கூடாது. வாயில் வைத்ததும் கரைவது அதில்தான், கடல்பாசி உடம்புச் சூட்டுக்கு உருகாது.

கேட்டவர்:
சரி, இறுகினதைக் கொட்டிவிடவா?

பதில்:
ஐயோ, வேண்டாம்! இன்னும் பால் ஊற்றி, உருகும்வரை காய்ச்சி மறுபடி ஊற்றுங்கள்.